20 அடி அகல மனை, ஒரு பக்கம் குருட்டுச் சுவர்: கீழே ஒரு படுக்கையறை, மேலே இரண்டு. எப்படி அடக்குவது?

இருபதடி
மனை 20 அடி அகலம், 50 அடி நீளம். சாலை முன்பக்கம் மட்டும். இடப்பக்க வீட்டின் சுவர் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. நாங்களும் அந்தப் பக்கம் எல்லை வரை கட்டலாம், ஆனால் சன்னல் வைக்கக் கூடாது. வலப்பக்கம் 3 அடி, முன்னால் 6 அடி, பின்னால் 4 அடி விட வேண்டும். தரைத்தளமும் ஒரு மாடியும்தான் அனுமதி. ஆகக் கட்டக் கிடைப்பது 17 × 40.

வீட்டில் ஐந்து பேர். முழங்கால் வலியுள்ள அம்மாவுக்குக் கீழேயே படுக்கையறையும் டாய்லெட்டும் வேண்டும். மேலே இரண்டு படுக்கையறை. மொட்டைமாடிக்குப் படி. முடிந்தால் கார் நிறுத்த இடம்.

இப்போது யோசித்திருப்பது: இடப்பக்கக் குருட்டுச் சுவரை ஒட்டி நேராக ஏறும் மாடிப்படி, படிக்கு அடியில் டாய்லெட், முன்னால் ஹால், பின்னால் சமையலறையும் அம்மாவின் அறையும். இதில் எங்கே இடிக்கும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மூலைமட்டம்
அறைகளைப் பேசுவதற்கு முன் அந்த 17 × 40-ஐ நம்பாதீர்கள். பத்திரத்தில் 20 அடி என்று இருக்கும், தரையில் 19'8" இருக்கும். அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே பிளானுக்கு எடுங்கள். பிறகு இரண்டு மூலைவிட்டங்கள். 20 × 50 மனை சரியான சதுரக் கோணத்தில் இருந்தால் இரண்டும் 53'10" வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மனை சாய்ந்திருக்கிறது. சாய்வை எந்தப் பக்கச் சந்தில் விடுவது என்று இப்போதே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரையும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். மேலே போகப்போக உங்கள் பக்கம் ஓர் அங்குலம் சாய்ந்திருந்தால் அந்த அங்குலமும் உங்களுடையது இல்லை.

அடுத்தது சுவர். வெளிச்சுவர் 9 அங்குலம், இருபக்கப் பூச்சும் சேர்த்தால் 10¼ அங்குலம். உள்சுவர் 4½, பூச்சோடு 5½. குருட்டுச் சுவரின் வெளிப்பக்கம் பூச முடியாது என்றாலும் அங்கே ஓர் இடைவெளி தேவை, ஆகவே கணக்கு அதேதான். 17 அடியில் இரண்டு வெளிச்சுவர் போக உள்ளே 15'3". 40 அடியில் போக 38'3". இனிமேல் இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துப் பேசலாம். சுவர் தடிமனைக் கழிக்காமல் போட்ட பிளானில்தான் கடைசியில் அலமாரி நுழையாமல் போகிறது.

நிழல்கோடு
கார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஒரு காருக்கு 2.5 × 5 மீட்டர், அதாவது ஏறத்தாழ 8'2" × 16'5" வேண்டும். முன்னால் இருப்பது 6 அடி. மீதி 10 அடிக்கு மேல் ஹாலில் இருந்துதான் வரும், அதுவும் வீட்டு அகலத்தில் பாதிக்கு மேல். அம்மாவுக்குக் கீழே அறை வேண்டுமென்றால் காரை விட்டுவிடுங்கள். இரண்டும் இந்த மனையில் நடக்காது.

இனி வெளிச்சம். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி என்றால், அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் உள்ளே போகும்: 14 முதல் 17 அடி. உங்கள் வீட்டின் உள்நீளம் 38 அடி. முன்னாலிருந்து 15, பின்னாலிருந்து 15 போனால் நடுவில் 8 அடி இருட்டு. வலப்பக்க 3 அடிச் சந்து கொஞ்சம் உதவும், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மாடிப்படியை அந்த இருட்டு நடுப்பட்டையில் குறுக்காக, பாதியில் திரும்பி ஏறும் இரட்டை வரிசைப் படியாக வையுங்கள். படிக்கு மேலே மொட்டைமாடிக் கூண்டில் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் நடுவீட்டில் இறங்கும்.

இருபதடி
நேர்ப்படி 14'2" × 3', அதாவது சுமார் 42 சதுர அடி. திரும்பி ஏறும் படி 60 சதுர அடி கேட்கிறதே?

நிழல்கோடு
ஒரு மாடிக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. மொட்டைமாடிக்கும் படி வேண்டும் அல்லவா, அங்கேதான் நேர்ப்படி மாட்டிக்கொள்ளும். முதல் படி வரிசை முன்னால் தொடங்கி வீட்டின் நடுவில் போய் ஏறும். அடுத்த வரிசையை அதன் தலைக்கு மேலேயே வைக்க வேண்டும் என்றால், ஏறி வந்தவர் 14 அடி திரும்பி முன்பக்கம் நடந்து மறுபடி ஏற வேண்டும். அந்த நடைக்கு 3 அடி நடைபாதை. இன்னொரு 42 சதுர அடி போயிற்று, முன்படுக்கையறை 9 அடிக்கும் கீழே சுருங்கியது. திரும்ப நடக்காமல் பின்பக்கமாகவே தொடர்ந்து ஏற்றினால் பின்னறையில் 3 அடி போகும்.

குறுக்கே வைத்த இரட்டை வரிசைப் படியில் ஏறி வந்து நிற்கும் இடமே நடைபாதை. முன்னறைக் கதவு ஒரு பக்கம், பின்னறைக் கதவு மறுபக்கம். குறுகிய மனையில் இடத்தைத் தின்பது நடைபாதைதான்.

தூக்குக்குண்டு
படிக் கணக்கு போட்டுவிடுகிறேன். தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் 120 அங்குலம். 18 உயரமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 6⅔ அங்குலம். முழங்கால் வலி இருக்கும் வீட்டில் 7-க்கு மேல் போகாதீர்கள். ஒரு வரிசைக்கு 9 உயரம், 8 மிதி (கால் வைக்கும் தட்டு), மிதி 10 அங்குலம் என்றால் வரிசை நீளம் 6'8". அதோடு நடு லேண்டிங், அதாவது பாதியில் திரும்பும் மேடை, 3 அடி. மொத்தம் 9'8". உங்கள் 15'3"-இல் மீதி 5'7", அதுதான் நடைபாதையும் ஏறி இறங்கும் இடமும். பட்டையின் அகலம் 3 + 3 அடி, இரண்டு வரிசைக்கும் நடுவே இடைவெளி 3 அங்குலம்: 6'3".

வெளிச்சம் கீழே இறங்க 3 அங்குல இடைவெளி போதாது. அதை ஓர் அடியாக்குங்கள், ஹாலில் 9 அங்குலம் குறையும், பரவாயில்லை. கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் சந்து விடக் கூடாது, குழந்தையின் தலை நுழையும்.

படிக்கு அடியில் டாய்லெட் வராது. நடு லேண்டிங் தரையிலிருந்து 9 உயரம், அதாவது 5 அடியில் நிற்கிறது. காங்கிரீட்டும் பூச்சும் போக 4'6" கிடைக்கும். தரையைக் குழியாக்கினால் கழிவுக் குழாய் சாலைச் சாக்கடைக்கு வாட்டம் இல்லாமல் போகும். அந்த இடத்தை மோட்டார், இன்வெர்ட்டர், துடைப்பம், மடக்குக் கட்டில் என்று வையுங்கள்.

இன்னொன்று, இது கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது. படியின் காங்கிரீட் போடும்போது ஹாலில் தரை போட்டிருக்க மாட்டார்கள். பிறகு ஹாலில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 3 அங்குலம் உயரும், மிதியில் கல்லும் கலவையும் 1½ அங்குலம்தான் உயரும். முதல் படி ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிடும். எல்லாப் படியும் ஒரே உயரம் என்று பழகிய கால் அங்கேதான் தடுக்கும். கீழ்த்தளம், மேல்தளம் இரண்டின் முடிந்த தரைமட்டத்தையும் சுவரில் கோடு போட்டு, அந்தக் கோடுகளுக்கு நடுவே 18 பங்கு பிரித்து, அதிலிருந்து கல்லின் தடிமனைக் கழித்துப் பலகை அடிக்கச் சொல்லுங்கள்.

வடிகால்
மேலே சொன்னவர்கள் எல்லோரும் படி குருட்டுச் சுவர்ப் பக்கம் என்றே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நான் பிளானை இடவலமாகத் திருப்பச் சொல்வேன்.

காரணம் குழாய். வலப்பக்கச் சந்துதான் உங்களுக்கு வெளியே திறந்திருக்கும் ஒரே நீளப் பக்கம். டாய்லெட் அந்தச் சுவரில் இருந்தால் 110 மில்லிமீட்டர் கழிவுக் குழாய் சுவரைத் தாண்டியதும் சேம்பரில் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) விழும். சன்னலும் கிடைக்கும். குருட்டுச் சுவரை ஒட்டி டாய்லெட் வைத்தால் குழாய் வீட்டுத் தரைக்கு அடியில் 15 அடி ஓடும், காற்றுப்போக்குக்கு மொட்டைமாடி வரை ஒரு டக்ட் வேண்டும், அடைத்தால் தரையை உடைக்க வேண்டும்.

படியையும் சந்துப் பக்கம் தள்ளுங்கள். நடு லேண்டிங்கில் ஒரு சன்னல் வரும். நடைபாதை 5'7" குருட்டுச் சுவர் ஓரம் போகும், நடந்து போகும் இடத்துக்குச் சன்னல் தேவையில்லை. முன்கதவையும் அதே இட ஓரத்தில் வைத்தால் கதவு, நடை, சமையலறை எல்லாம் ஒரே கோட்டில் வரும். ஹாலின் மீதி 11 அடிச் சொச்சம் யாரும் குறுக்கே நடக்காமல் உட்கார மிஞ்சும்.

இருபதடி
திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முன்னாலிருந்து ஹால் 14'3", படிப் பட்டை 7 அடி, ஒரு 5½ அங்குலச் சுவர், மிச்சம் பின்பகுதி 16'6½". அகலம் 15'3"-ஐ இடது 5'3", சுவர் 5½", வலது 9'6½" என்று பிரித்தேன். வலது பக்கத்தில் டாய்லெட், அதற்குப் பின்னால் அம்மா அறை. இடது பக்கம் முழுக்கச் சமையலறை. ஆனால் அம்மா அறைக்குச் சமையலறை வழியாகப் போக வேண்டியிருக்கிறது.

ரசமட்டம்
டாய்லெட்டை வலப்பகுதியின் முழு அகலத்துக்கும் இழுத்திருப்பீர்கள், அதனால்தான். படிக்குப் பின்னால் 4'6" ஆழத்தில் ஒரு பட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சந்துப் பக்கம் 6'1" டாய்லெட், ஒரு சுவர், மீதி 3 அடி சின்ன முன்னிடம். நடையிலிருந்து திரும்பினால் இந்த முன்னிடம். நேரே டாய்லெட் கதவு, பக்கத்தில் அம்மா அறைக் கதவு. விருந்தினரும் படுக்கையறைக்குள் நுழையாமல் டாய்லெட் போகலாம், அம்மாவுக்கு இரவில் நாலு எட்டு. அம்மா அறை 9'6" × 11'7". சமையலறை இந்தப் பட்டையைத் தாண்டித் தொடங்கும், 5'3" × 12'.

அறையைக் கட்டிலோடு சரிபாருங்கள். 6'6" நீளக் கட்டில், 2 அடி ஆழ அலமாரி வைத்தால் 11'7"-இல் நடுவே 3'1" மிஞ்சும். 5 அடி அகலக் கட்டிலுக்கு இருபுறமும் 2'3" வரும். நடைக்கோல் வைத்து நடப்பவருக்கு ஒரு பக்கமாவது 3 அடி வேண்டும், கட்டிலை நடுவில் வைக்காமல் ஓரம் தள்ளுங்கள்.

டாய்லெட் கதவு வெளியே திறக்கட்டும், அல்லது தள்ளுகதவாக இருக்கட்டும். உள்ளே விழுந்தவர் உள்திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், வெளியிலிருந்து தள்ள முடியாது. கதவு திறந்தபின் கிடைக்கும் வழி 2'6"-க்குக் குறையக் கூடாது. கைப்பிடிக் கம்பி மாட்ட நினைத்தால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள். 4½ அங்குலச் செங்கல் சுவரில் பிறகு துளைபோட்டு மாட்டிய கம்பி ஆளின் எடைக்குப் பெயர்ந்து வரும். 2'9" உயரத்தில் ஒரு காங்கிரீட் பட்டையைச் சுவர் கட்டும்போதே வைத்துவிட்டால் போதும். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும், இந்த 4'6"-இல் அது முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல்கோடு
எனக்கு ஓர் ஆட்சேபம். சமையலறை 12 அடி ஆழம், அகலம் 5'3", வெளிச்சம் பின்சுவரிலிருந்து மட்டும். அந்தப் பின்சுவரிலும் கதவு 2'6" போனால் சன்னலுக்கு 2 அடிதான் மிஞ்சும். வீட்டில் அதிகம் நிற்கும் இடத்தை இருட்டாக்கலாமா?

வடிகால்
நியாயமான கேள்விதான். கதவையும் சன்னலையும் சேர்த்து ஒரே நிலையாகச் செய்யுங்கள், கதவின் மேல்பாதி கண்ணாடி, தலைக்கு மேல் 8 அடி வரை கண்ணாடி. அடுப்பையும் தொட்டியையும் பின்பக்க 7 அடிக்குள் முடித்துவிட்டு, முன் 5 அடியில் ஃபிரிட்ஜும் பொருள் அலமாரியும். மேடை 2 அடி போனால் நிற்க 3'3" இருக்கிறது, ஒற்றைப் பக்க மேடைக்கு அது தாராளம். எதிர்ப்புறம் 9 அங்குல ஆழத் தட்டுகளுக்கு மேல் எதுவும் வைக்கக் கூடாது. அடுப்பைக் கதவுக்கு நேராக வைக்காதீர்கள், காற்றில் சுடர் அணையும். கதவிலிருந்து 3 அடியாவது தள்ளி வையுங்கள்.

நிழல்கோடு
தலைக்கு மேல் கண்ணாடி என்றால் ஒப்புக்கொள்கிறேன். பின்பக்க சன்ஷேடு ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம்.

இருபதடி
மாடியில்?

ரசமட்டம்
கீழே டாய்லெட் எங்கோ, மேலேயும் அதற்கு நேர் மேலே. இதை மட்டும் மாற்றாதீர்கள். அம்மா அறைக்கு மேல் குழந்தைகள் அறை, சமையலறைக்கு மேல் 5'3" × 12' படிப்பிடம். முன்னால் ஹாலுக்கு மேல் உங்கள் அறை, படிப் பக்கச் சுவர் போக 15'3" × 13'9".

அந்தப் பெரிய அறையின் மூலையில் இன்னொரு டாய்லெட் கேட்பீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. அது ஹாலின் தலைக்கு மேல் வரும், தளத்தை 8 முதல் 12 அங்குலம் இறக்க வேண்டும், கசிந்தால் கறை ஹால் சீலிங்கில்தான் முதலில் தெரியும். அதற்குப் பதில் முகம் கழுவும் பேசினை டாய்லெட்டுக்கு வெளியே, முன்னிடச் சுவரில் வையுங்கள். காலையில் ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் பல் தேய்க்கலாம். நான்கு பேருக்கு அது சமாளிக்கும்.

மூலைமட்டம்
இடப்பக்க அஸ்திவாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மனையில் பணம் அதிகம் கேட்கும் இடம் அதுதான்.

தூணின் ஃபுட்டிங், அதாவது மண்ணுக்குள் தூணைத் தாங்கும் காங்கிரீட் பாதம், சாதாரணமாகத் தூணுக்கு நாலாபுறமும் பரவும். எல்லையில் நிற்கும் தூணுக்குப் பக்கத்து மனைக்குள் பரவ முடியாது. ஆகத் தூண் ஃபுட்டிங்கின் ஓரத்தில் உட்காரும். சுமை ஒரு பக்கமாக அழுத்தி ஃபுட்டிங் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க எதிர்ப்பக்கத் தூணின் ஃபுட்டிங்கோடு ஒரு பட்டை பீமால் இணைக்க வேண்டும், அல்லது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஃபுட்டிங். உங்கள் அகலம் 17 அடிதான், இணைப்பது எளிது. இன்ஜினியர் தரும் வரைபடத்தில் இந்த பீம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

குழி தோண்டும்போது இடப்பக்கம் முழுநீளமும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. பக்கத்து வீட்டு அஸ்திவாரம் உங்களுடையதைவிட மேலே இருந்தால் அதன் அடிமண் சரியும். ஒன்றுவிட்டு ஒன்றாகக் குழி எடுத்து, காங்கிரீட் போட்டு, மண் நிரப்பி, பிறகு அடுத்தது. மழை நாளில் குழியைத் திறந்து வைக்காதீர்கள்.

தூண்கள் நான்கு வரிசை போதும்: முன்சுவர், படிப் பட்டையின் முன்விளிம்பு, பின்விளிம்பு, பின்சுவர். பட்டையின் முன்விளிம்பில் 15 அடிக்கு ஒரு பீம் குறுக்கே ஓடும், 15, 16 அங்குல ஆழம் எதிர்பார்க்கலாம். அது ஹாலில் தொங்கித் தெரியும். நடுவில் தூண் கொடுத்து அதைக் குறைக்க நினைக்காதீர்கள், நடை மறிபடும். தண்ணீர்த் தொட்டியை மொட்டைமாடியில் படிக் கூண்டின் தூண்கள் மேலேயே வைக்கச் சொல்லுங்கள், 1000 லிட்டர் என்றால் ஒரு டன்.

வடிகால்
தரைமட்டத்தை முடிவு செய்வதற்கு முன் சாலைச் சாக்கடையின் அடிமட்டத்தை அளந்துவிடுங்கள். பின்பக்கச் சமையலறைக் கழிவு சந்து வழியாக முன்னால் வர ஏறத்தாழ 45 அடி ஓடும். 60-க்கு 1 வாட்டம் என்றால் 9 அங்குலம் இறங்கும், 40-க்கு 1 என்றால் 13½. தொடக்கத்தில் குழாய் மண்ணுக்குள் ஓர் அடியாவது மூடியிருக்க வேண்டும். கூட்டிப் பார்த்து, அது சாக்கடை மட்டத்துக்கு மேலே நின்றால்தான் தண்ணீர் தானாகப் போகும்.

சேம்பர் உள்ளளவு 1'6" சதுரம், சுவரோடு 2'3". 3 அடிச் சந்தில் அடங்கும், ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் நிற்க முடியாது. ஏசியின் வெளிப்பெட்டியைச் சந்தில் ஆள் உயரத்தில் மாட்டினால் நடக்கவே முடியாது, மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். குழாய் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சேம்பர்.

தூக்குக்குண்டு
முன்பக்கம்: வீட்டுத் தரை சாலையைவிட 18 அங்குலம் மேலே என்றால் 6 அங்குலத்தில் மூன்று படி. சாய்தளம் வைக்க நினைத்தால் 12-க்கு 1 வாட்டத்தில் 18 அடி நீளம் வேண்டும், 6 அடியில் முடியாது. சந்தில் ஓட்டினால் சேம்பர் மூடிகள் அதன் அடியில் போய்விடும். ஆகத் தாழ்ந்த படிகள், இருபுறமும் கைப்பிடி. வாசலில் 3'6" ஆழ மேடை வைத்து, படியைச் சாலையை நோக்கி இறக்காமல் பக்கவாட்டில் இறக்குங்கள். மிச்ச அகலத்தில் இரண்டு பைக் சுவருக்கு இணையாக நிற்கும். நேராக நிறுத்த முடியாது, பைக் 6'6" நீளம், உங்களிடம் இருப்பது 6 அடி, அதிலும் காம்பவுண்டுச் சுவர் போகும்.

இருபதடி
எல்லாம் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலச் சந்து விழும் போலிருக்கிறது. அதை என்ன செய்வது?

மூலைமட்டம்
கலவை ஊற்றி அடைக்காதீர்கள். இரண்டு கட்டடமும் தனித்தனியாக இறங்கும், அசையும். அடைத்த கலவை வெடித்துத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். சந்துக்குள் மழை இறங்கவே கூடாது. உங்கள் சுவர் அவர்கள் சுவரைவிட உயர்ந்தால், உங்கள் சுவரில் அவர்கள் சுவரின் தலைக்கு 6 அங்குலம் மேலே ஒரு காடி வெட்டி, மடித்த அலுமினியத் தகட்டின் ஒரு விளிம்பை அதில் செருகி, மறுவிளிம்பு அவர்கள் சுவரின் தலைமேல் 3 அங்குலம் படிந்து இறங்கும்படி விடுங்கள். அந்தப் பக்கம் ஆணி அடிக்க வேண்டாம், சும்மா படிந்திருந்தால் போதும். அவர்களிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள், சாரம் கட்டவும் அவர்கள் மாடி வேண்டும்.

அவர்கள் மாடிக்குக் கீழே வரும் பகுதியில் உங்கள் சுவரின் வெளிமுகத்தைப் பிறகு தொட முடியாது. ஆகவே மூன்று வரிசை செங்கல் வைத்ததும் மேலிருந்தே கரண்டியால் வெளி இணைப்புகளைக் கலவை பிதுங்காமல் வழித்து அடைக்கச் சொல்லுங்கள். பிதுங்கிய கலவை உள்ளே விழுந்து இரண்டு சுவருக்கும் பாலமாக நின்றால் ஈரம் அதன் வழியாகத்தான் உங்கள் ஹாலுக்கு வரும். கட்டும்போது சந்துக்குள் ஒரு பலகையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வரிசை உயர உயர மேலே இழுத்துக்கொண்டே போனால் விழும் கலவை அதில் தங்கும்.